லிசி சிற்றாலயத்தின் 38 துண்டுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

சிற்றாலயமும் அதன் ஓவியமும்

சைப்ரஸ் தீவின் வடக்கே உள்ள கிரீனியா மலைத்தொடருக்கும் தென்மேற்கே உள்ள த்ரூடோஸ் மலைகளுக்கும் நடுவில் மெசோரியா என்னும் சமவெளி விரிந்து கிடக்கிறது. அதன் கிழக்குப் பகுதியில், ஃபமகூஸ்தா மாவட்டத்தில், லிசி என்ற ஊர் இருக்கிறது. ஊருக்கு வெளியே, புனித தெமோனியானோஸ் பெயரால் யாரோ நேர்ந்துகொண்டு கட்டிய ஒரு சிறு கற்கோயில் நிற்கிறது. இவர் தீவுக்கு வெளியே அதிகம் அறியப்படாத ஓர் உள்ளூர்ப் புனிதர்; எஃபெமியானோஸ் என்றும் இவரைச் சொல்வதுண்டு. ஒரே அறை, மேலே ஒரு குவிமாடம், கிழக்கே பலிபீடத்துக்குப் பின்னால் ஓர் அரைவட்ட மாடம் என்பதற்கு மேல் அந்தக் கட்டடத்தில் எதுவும் இல்லை. பேரரசர்களோ பெருந்தலைவர்களோ கட்டுவித்த கோயில் அல்ல அது. பைசாந்தியம் எனப்படும் கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளின் ஏடுகளில் அதற்கு இடமிருந்திருக்க வழியில்லை. அதன் சுவரோவியம் 38 துண்டுகளாக அறுத்துத் திருடப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட நிகழ்வையே இங்கே ஆராய்கிறேன்.

ஆனால் 13-ஆம் நூற்றாண்டில் அதன் உள்ளே தீட்டப்பட்ட ஓவியம் பைசாந்திய மரபின் முழு இலக்கணத்தையும் அந்தச் சிறிய அறைக்குள் கொண்டுவந்தது. குவிமாடத்தின் உச்சியில் 'பான்டோக்ரேட்டர்', அதாவது அனைத்தையும் ஆள்பவராகிய கிறிஸ்து. அவரைச் சுற்றி வளையமாக வானதூதர்கள், இறுதித் தீர்ப்புக்காக ஆயத்தமாக வைக்கப்பட்ட வெற்று அரியணையை நோக்கிச் செல்கிறார்கள். கிழக்கு மாடத்தில் இறையன்னை மரியாள் கைகளை உயர்த்தி நிற்க, அவருக்கு இரு புறமும் தலைமை வானதூதர்களான மிக்கேலும் கபிரியேலும் நிற்கிறார்கள். உள்ளே வருகிறவர் நிமிர்ந்தால் விண்ணகமும், நேரே பார்த்தால் விண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே பரிந்து பேசும் அன்னையும் தெரியும்படி அமைந்த ஏற்பாடு இது. இந்த ஓவியங்கள் அந்த வளைவுகளுக்காகவே தீட்டப்பட்டவை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சமதளத்தில் விரித்துவைத்தால் வானதூதர்களின் வட்டம் வட்டமாக இருக்காது.

அரசியல் பின்னணியும் ஒன்று உண்டு. 965-இல் முழுமையாகப் பைசாந்தியப் பேரரசின் ஆட்சிக்குத் திரும்பிய தீவு, 1191-இல் மூன்றாம் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டின் கையில் விழுந்தது. மறு ஆண்டே லூசிஞான் என்னும் பிரெஞ்சுக் குடும்பத்தின் ஆட்சிக்குப் போனது. லிசி ஓவியம் தீட்டப்பட்டபோது தீவை ஆண்டவர்கள் இலத்தீன், அதாவது ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையினர். தீட்டுவித்தவர்களோ கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மக்கள். பேரரசு கைவிட்டுப்போன பிறகும் ஒரு சிற்றூர் தன் வழிபாட்டு மொழியை விடாமல் பிடித்துவைத்திருந்ததற்கு இந்தக் குவிமாடம் சான்று. அதன் மதிப்பு அழகில் மட்டும் இல்லை என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

1974-க்குப் பின்

1974 ஜூலையில் துருக்கியப் படைகள் தீவில் இறங்கின. ஆகஸ்டில் நடந்த இரண்டாம் கட்டப் படையெடுப்பில் லிசியும் அவற்றின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கிரேக்க மொழி பேசும் ஊர்மக்கள் வீடுகளை விட்டுத் தெற்கே போனார்கள். நாள்தோறும் விளக்கேற்றவோ கதவைப் பூட்டவோ ஆள் இல்லாத நிலையில், வடபகுதியின் பல நூறு கோயில்களைப் போலவே இந்தச் சிற்றாலயமும் கேட்பாரற்றுக் கிடந்தது.

அடுத்த 9 ஆண்டுகளுக்குள் ஒரு சமயத்தில் களவு நடந்தது. இத்தகைய சுவரோவியத்தைத் திருடுவது சிலையைத் தூக்கிச் செல்வது போன்ற வேலை அல்ல. ஈரச் சுண்ணாம்புச் சாந்தின் மேல் தீட்டும்போது வண்ணம் சாந்தோடு சேர்ந்து இறுகிவிடுகிறது. வண்ணத்தை மட்டும் தனியே உரிக்க முடியாது. எனவே ஓவியத்தின் முகப்பில் பசையிட்டுத் துணியை ஒட்டி, அது உதிராமல் பிடித்துக்கொள்ளும்படி செய்து, பின்னாலிருக்கும் சாந்தோடு சேர்த்து வாளால் அறுத்தெடுக்கிறார்கள். குவிமாடத்தில் இதைச் செய்யச் சாரம் வேண்டும், நாட்கள் வேண்டும், யாரும் வந்து கேட்கமாட்டார்கள் என்ற நிச்சயமும் வேண்டும். லிசியில் இவை மூன்றும் கிடைத்திருக்கின்றன. குவிமாடமும் மாடமுமாகச் சேர்த்து 38 துண்டுகளாக ஓவியம் தீவை விட்டு வெளியேறியது.

மியூனிக்கில் கண்டது

1983-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த ஒரு கலைச் சேகரிப்பாளரிடம், 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பைசாந்தியச் சுவரோவியம் ஒன்று விலைக்கு வருவதாக வணிகர் வட்டத்திலிருந்து தகவல் வந்தது. அவர் முதிய பெண்மணி. மெனில் அறக்கட்டளையை நடத்தியவர். பைசாந்தியக் கலையில் நெடுநாள் ஈடுபாடு கொண்டவர். (இந்த ஆய்வில் தனிநபர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். யார் செய்தார் என்பதைவிட எந்த வரிசையில் எதைச் செய்தார் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.)

அவரும் உடன் வந்தவர்களும் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு குடியிருப்புக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். மங்கிய வெளிச்சத்தில், சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த துண்டுகளை அங்கே கண்டார்கள். முழு ஓவியம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கக்கூட இயலாத அளவுக்கு அவை சிதைக்கப்பட்டிருந்தன. துருக்கியின் தென்பகுதியில் கட்டுமான வேலைக்காக நிலத்தைச் சீர்செய்தபோது கிடைத்த ஒரு பாழடைந்த கோயிலைச் சேர்ந்தவை என்பது விற்பவர் தந்த விளக்கம்.

அந்த அறையிலேயே தெரிந்திருக்கக்கூடிய செய்திகள் சில உண்டு. அறுபட்ட விளிம்புகள் புதியவை.  எந்தக் கோயில் என்பதற்குப் பெயரும் இல்லை. பைசாந்தியச் சுவரோவியம் ஒரு குவிமாடத்தின் அளவில் சந்தைக்கு முறையாக வரும் வழி எதுவும் இல்லை, ஏனென்றால் அது இருந்த கோயிலை யாரேனும் அறுத்தால்தான் அது சந்தைக்கு வரும். வந்தவர்கள் இந்தச் சந்தேகத்தை மனத்தில் புதைக்காமல் வெளியே எடுத்து வைத்துப் பேசினார்கள் என்பதே இந்த நிகழ்வின் திருப்புமுனை என்று நான் நினைக்கிறேன்.

எதிரே இருந்த வழிகளும் எடுத்த முடிவும்

விலகிப்போவது ஒரு வழி. அது கையைக் கறைபடாமல் காக்கும்; ஓவியத்தைக் காக்காது. 38 துண்டுகளையும் ஒருவரே வாங்காவிட்டால் ஒரு வானதூதரின் முகம் ஒரு வீட்டுச் சுவருக்கும் இன்னொரு முகம் வேறொரு நாட்டுக்கும் போயிருக்கும், பிறகு குவிமாடம் என்ற ஒன்று எந்நாளும் சேர்ந்திருக்காது. காவல்துறைக்குத் தகவல் தருவது இன்னொரு வழி. ஆனால் உரிமையாளர் யார் என்றே தெரியாத நிலையில் புகார் தரவும் ஆள் இல்லை. வணிகர் விழித்துக்கொண்டால் துண்டுகள் ஒரே இரவில் இடம் மாறிவிடும். வாங்கித் தம் சேகரிப்பில் சேர்த்துக்கொள்வது மூன்றாவது வழி. அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் பலர் எந்தக் கேள்வியும் கேட்காமல் எடுத்த வழி அதுதான்.

அறக்கட்டளை இவற்றில் எதையும் எடுக்கவில்லை. விற்பனையை நிறுத்தி வைத்துக் காலம் கேட்டது. வழக்கறிஞர்களை அமர்த்தி, உண்மையான உரிமையாளரைத் தேடச் சொன்னது. உரிமையாளர் கிடைத்தால் அவருடைய ஒப்புதலுடன், அவருக்காக, அவர் பெயரில் மீட்பது என்பதே திட்டம்.

உரிமையாளரைக் கண்டறிதல்

ஒருகாலத்தில் பைசாந்திய உலகத்தைச் சேர்ந்திருந்த பல நாடுகளின் அரசுகளுக்கு ஓவியத்தின் புகைப்படங்கள் அனுப்பப்பட்டு, இது உங்களுடையதா என்று கேட்கப்பட்டது. சைப்ரஸிலிருந்து உறுதியான பதில் வந்தது. லிசி சிற்றாலயத்தின் குவிமாடமும் மாடமுமே இவை என்று அந்நாட்டுத் தொல்லியல் துறை அடையாளம் காட்டியது. படையெடுப்புக்கு முன்பே தீவின் சிறு கோயில்களைக்கூட நேரில் போய்ப் பார்த்துப் பதிவு செய்திருந்த அறிஞர்கள் அந்தத் துறையில் இருந்தார்கள் என்பதால்தான் இது முடிந்தது. பெரிய பேராலயங்களை மட்டும் ஆவணப்படுத்திவிட்டு, வயல்வெளியில் நின்ற இந்த ஒற்றை அறையை விட்டிருந்தால், விற்பவர் சொன்ன பாழடைந்த கோயில் கதையை மறுக்க யாரிடமும் எதுவும் இருந்திருக்காது.

சட்டப்படி உரிமை சைப்ரஸ் திருச்சபைக்கு உரியது. திருச்சபையும் அறக்கட்டளையும் செய்துகொண்ட உடன்பாட்டின் சாரம் இது: அறக்கட்டளை தன் செலவில், திருச்சபையின் சார்பாக, எல்லாத் துண்டுகளையும் மீட்கும், சீரமைப்புச் செலவையும் ஏற்கும், உரிமை முதல் நாளிலிருந்தே திருச்சபையிடம் இருக்கும், அதற்கு ஈடாக ஓவியம் ஒரு நீண்ட காலத்துக்கு இரவலாக ஹூஸ்டனில் இருக்கும். கண்ணியமான உடன்பாடு என்றே இதைச் சொல்வேன். ஆயினும் அதன் கசப்பான பகுதியை மறைத்துவிடக் கூடாது. திருடப்பட்ட பொருளுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. அது ஒருவகையில் பிணைத்தொகை. களவுச் சந்தையில் புழங்கியவர் கையில் அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது. இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

லண்டன் பட்டறை

மீட்கப்பட்ட துண்டுகள் லண்டனில் ஒரு சீரமைப்பாளரின் பட்டறைக்குப் போயின. வேலை 1988 வரை நீடித்தது. சமதளச் சுவரிலிருந்து எடுத்த துண்டுகளாக இருந்தால் தரையில் விரித்து, கோட்டோடு கோட்டைப் பொருத்திவிடலாம். குவிமாடத்துத் துண்டு ஒவ்வொன்றும் இடவலமாகவும் மேல்கீழாகவும் ஒரே நேரத்தில் வளைந்தது. ஓர் இடத்தில் வளைவு விரலளவு பிசகினாலும் பிசகு அடுத்தடுத்த துண்டுகளில் கூடிக்கொண்டே போய், வட்டம் மூடவேண்டிய இடத்தில் மூடாது. வாள் ஓடிய தடத்தில் சாந்து தூளாகப் போயிருப்பதால் விளிம்புகள் ஒன்றோடொன்று கச்சிதமாகச் சேரவும் மாட்டா. ஓர் இறகின் கோடு, ஓர் ஆடையின் மடிப்பு, ஒளிவட்டத்தின் வில் ஆகியவை ஒரு துண்டில் அறுபட்டு அடுத்த துண்டில் எங்கே தொடர்கின்றன என்று பார்த்துப் பார்த்தே இத்தகைய ஓவியத்தைச் சேர்க்க முடியும். 13-ஆம் நூற்றாண்டு ஓவியரின் கை ஓடிய வேகமே இந்த வேலையில் வழிகாட்டி.

இந்த முறையில் ஒரு குவிமாடமும் ஓர் அரைவட்ட மாடமும் மீண்டும் உருவாயின. உரிமை குறித்த உடன்பாடு முன்பே முடிந்திருந்ததால்தான் சீரமைப்பாளர் ஒளிவுமறைவின்றி, சைப்ரஸ் அறிஞர்களிடமிருந்து மூலக் கட்டடத்தைப் பற்றிய தகவலைக் கேட்டுப்பெறும் நிலையில் வேலை செய்ய முடிந்தது. உரிமை மறைத்து வாங்கிய ஒரு சேகரிப்பில் இது நடந்திருக்காது.

அதே ஆண்டில், வேறொரு முடிவு

சீரமைப்பு முடிந்த 1988-ஆம் ஆண்டிலேயே, லிசி ஓவியம் யார் வழியாகச் சந்தைக்கு வந்ததோ அதே மனிதரிடமிருந்து சைப்ரஸின் இன்னொரு பொக்கிஷம் விலைக்கு வந்தது. கார்பாஸ் தீபகற்பத்தில் லித்ராங்கோமி ஊரிலுள்ள கனகாரியா கோயிலின் 6-ஆம் நூற்றாண்டு மொசைக்குகள், அதாவது வண்ணச் சில்லுகளைப் பதித்துச் செய்த படங்கள் அவை. அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரைச் சேர்ந்த ஒரு கலை வணிகர் ஜெனீவா விமான நிலையத்தின் சுங்கமில்லாக் கிடங்கில் நான்கு துண்டுகளைப் பார்த்தார். சில நாட்களுக்குள் 10 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்கு வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தார். பிறகு அவற்றைப் பல மடங்கு விலைக்கு ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்கு விற்க முயன்றபோது, அங்கிருந்த நிபுணர் சைப்ரஸுக்குத் தகவல் தந்தார். வழக்கு நடந்தது. 1989-இல் கூட்டாட்சி நீதிமன்றம் மொசைக்குகளைத் திருப்பித் தர உத்தரவிட்டது; 1990-இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது; 1991-இல் அவை சைப்ரஸ் போய்ச் சேர்ந்தன.

இரண்டு இடத்திலும் விற்பவர் ஒருவர், திருடிய முறை ஒன்று, வாங்க வந்தவர்கள் இருவரும் அமெரிக்கர்கள். உரிமையாளரை ஒருவர் பணம் கொடுப்பதற்கு முன் தேடினார்; மற்றவரைப் பணம் கொடுத்த பின் உரிமையாளர் தேடி வந்தார். வாங்கியவர் தாம் நல்லெண்ணத்துடன் வாங்கியதாக வாதிட்டபோது, சந்தேகத்துக்கு இவ்வளவு இடமிருந்தும் போதிய அளவில் விசாரிக்கவில்லை என்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. மியூனிக்கில் எடுத்த முடிவு இரக்கத்தால் மட்டும் சரியானதாகவில்லை, சட்டத்தாலும் சரியானதாக நின்றது என்பதற்கு இந்த வழக்கே உரைகல்.

ஹூஸ்டனில் 15 ஆண்டுகள்

ஓவியத்தை அருங்காட்சியகத்தின் சுவரில் மாட்ட அறக்கட்டளை விரும்பவில்லை. கோயிலுக்காகப் பிறந்தது கோயிலில்தான் இருக்கவேண்டும் என்று அதற்கெனவே ஒரு கட்டடம் எழுப்பியது. 1997 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டது. வெளியே எளிய சுவர்கள். உள்ளே இருண்ட ஒரு பெட்டி போன்ற அறை. அதன் நடுவே லிசி சிற்றாலயத்தின் உருவரையை ஒளி ஊடுருவும் கண்ணாடிப் பலகைகளால் தொங்கவிட்டு, அந்தக் கண்ணாடிக் கோயிலின் உச்சியில் குவிமாடத்தையும் கிழக்கே மாடத்தையும் அமைத்திருந்தார்கள். மூலக் கோயிலின் கல்லைப் போலி செய்து ஏமாற்றாமல், இங்கே இல்லாத ஒரு கோயிலின் நிழல் இது என்று அந்தக் கண்ணாடி வெளிப்படையாகச் சொன்னது. பலிபீடம் இருந்தது, கட்டடம் ஆர்த்தடாக்ஸ் முறைப்படி அர்ச்சிக்கப்பட்டது, வழிபாடும் நடந்தது. திட்டத்தைத் தொடங்கிய பெண்மணி திறப்பைக் கண்டார். அந்த ஆண்டின் கடைசி நாளில் காலமானார்.

அதே 1997-இன் இலையுதிர் காலத்தில் மியூனிக் காவல்துறை அந்த விற்பனையாளரின் குடியிருப்புகளில் சோதனையிட்டது. சைப்ரஸ் கோயில்களைச் சேர்ந்த ஓவியங்களும் மொசைக்குகளும் திருவுருவங்களும் ஏராளமாகக் கிடைத்தன. கலோகிரேயா அருகே உள்ள அன்டிபோனிடிஸ் கோயிலின் சுவரோவியத் துண்டுகளும் அவற்றுள் இருந்தன. லிசி ஓவியம் கைக்கு வந்து 10 ஆண்டுகளுக்கு மேலான பிறகே இந்தச் சோதனை நடந்தது.

திரும்புதல்

இரவல் காலம் 2012-இன் தொடக்கத்தில் முடிவுற்றது. ஓவியம் சைப்ரஸுக்குத் திரும்பும் என்று அறக்கட்டளை 2011 செப்டம்பரில் அறிவித்தபோது, ஹூஸ்டன் மக்களில் பலருக்கு அது ஒரு சாவுச் செய்தியைப் போல இருந்திருக்கும். 15 ஆண்டுகளாக அங்கே அமர்ந்து தியானித்தவர்கள் அவர்கள்.  ஆனால் உரிமையாளர் திரும்பக் கேட்கும்போது தருவதற்காகத்தான் இந்த ஏற்பாடே தொடங்கியது. 2012 மார்ச் 4 அன்று கட்டடம் மூடப்பட்டது. குவிமாடமும் மாடமும் கவனமாக இறக்கப்பட்டுக் கடல் கடந்தன. இன்று அவை சைப்ரஸின் தலைநகரான நிகோசியாவில், மூன்றாம் மகாரியோஸ் பேராயர் அறக்கட்டளையின் பைசாந்திய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஹூஸ்டன் கட்டடம் 2015 முதல் நவீன கலைப் படைப்புகளுக்கு இடமானது.

தீவுக்குத் திரும்பியது என்று சொல்லும்போது ஒரு திருத்தம் தேவை. நிகோசியாவின் தென்பகுதிக்குத் திரும்பியது, லிசிக்குத் திரும்பவில்லை. லிசி இன்னமும் தீவை இரண்டாகப் பிரிக்கும் கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. அருங்காட்சியகத்தில் அந்தக் குவிமாடத்தின் கீழே நிற்கும் லிசி ஊர்க்காரர் ஒருவருக்கு அது தன் ஊரைவிட்டு வந்த இன்னோர் அகதியாகவே தெரியும்.

இன்று நடந்தால் எதை மாற்ற வேண்டும்

உரிமையாளரைத் தேடியதையும் உரிமையை முதலிலேயே எழுதி வைத்ததையும் அப்படியே வைத்துக்கொள்வேன். ஆனால் பணம் கொடுத்த முடிவை இன்று அதே வடிவில் ஆதரிக்க மாட்டேன். 1983-இல் களவுபோன கலைப்பொருள்களை நாடு கடந்து தேடும் ஏற்பாடுகள் பலவீனமாக இருந்தன. சைப்ரஸ் அரசுக்கு அப்போது ஜெர்மனியில் கைநீட்டி எடுக்கும் பலம் இல்லை. இன்றைய நிலையில், உரிமையாளர் அடையாளம் தெரிந்த அதே வாரத்தில் காவல்துறையை உள்ளே கொண்டுவந்து, துண்டுகள் இருக்கும் இடத்தை முடக்க முயல்வதே முதல் படியாக இருக்க வேண்டும். லிசி பேரத்தின்போதே விற்பனையாளரின் பிற கையிருப்பு விசாரிக்கப்பட்டிருந்தால், கனகாரியா மொசைக்குகள் ஜெனீவாக் கிடங்கு வரை போகாமல் இருந்திருக்கக்கூடும்.

அதைவிட முக்கியமான மாற்றம் களவுக்கு முன்னால் செய்யப்பட வேண்டியது. லிசியை அடையாளம் காட்டியது ஒரு பதிவு. இத்தகைய கோயில் ஒவ்வொன்றுக்கும், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அளவுகோலை ஓரத்தில் வைத்து எடுத்த புகைப்படங்கள், குவிமாடத்தின் விட்டமும் வளைவின் அளவும் குறித்த வரைபடம், சாந்தில் உள்ள வெடிப்புகளின் குறிப்பு ஆகியவை இருக்க வேண்டும். முகங்களை ஒரு திருடன் வண்ணம் பூசி மாற்றலாம், வெடிப்புகளின் பாதையை மாற்ற முடியாது. அந்தப் பதிவின் ஒரு படி கோயில் இருக்கும் நாட்டுக்கு வெளியே பத்திரமாக இருப்பதும் நல்லது, ஏனென்றால் போர் வந்தால் ஆவணக் காப்பகமும் கோயிலும் ஒரே நாளில் கைவிட்டுப் போகலாம்.

லிசியின் காலியான குவிமாடத்துக்கும் இந்தப் பதிவு இன்று தேவை. வாள் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்ற தடமும், சுவரில் விடுபட்டு ஒட்டிக்கொண்டிருக்கக்கூடிய வண்ணச் சில்லுகளும் அளந்து வைக்கப்பட்டால், ஓவியம் என்றாவது அந்த உச்சிக்குத் திரும்பும் நாளில் ஒவ்வொரு துண்டும் எந்த இடத்தில் நின்றது என்று பார்க்க அது பயன்படும்.